கண்டக்டர் பதில்கள்: தரங்கம்பாடிக்கு இரண்டு நாள்

மாயவரம் – காரைக்கால் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் பொறையார். போன இதழில் போகிற போக்கில் தரங்கம்பாடி பற்றி நாலு வரி எழுதிவைத்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு ஆசிரியர் இந்த முறை பகுதி முழுவதையும் அந்த ஊருக்கே ஒதுக்கிவிட்டார். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாள் காரில் வருகிறோம். சனிக்கிழமை வேளாங்கண்ணி, நாகூர், மாலை தரங்கம்பாடி. ஞாயிறு திருநள்ளாறு, திருக்கடையூர், பூம்புகார். இந்தத் திட்டம் சரியா? (சென்னை வாசகர்)

படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. இப்படிப் பட்டியலோடு வேனில் வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோட்டை வாசலில் இறங்குவார்கள், ஒரு போட்டோ, ஒரு இளநீர், திரும்ப ஏறுவார்கள். ஊருக்குப் போய், "தரங்கம்பாடியில் ஒன்றுமில்லைப்பா" என்பார்கள்.

தம்பி, அந்த ஊர் உண்மையிலேயே சின்னது. நகர வாயிலில் நுழைந்து ராஜா தெருவில் நேராக நடந்தால் சாவகாசமாகப் போனாலும் பத்து நிமிஷத்தில் கடல். வழியில் இரண்டு தேவாலயம், பழைய ஆளுநர் மாளிகை, பக்கத்தில் கோட்டை, கொஞ்சம் வடக்கே ஒரு சிவன் கோயில். பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போவதானால் ஒன்றரை மணி நேரம் தாராளம். அதனால் அங்கே எதைப் பார்ப்பது என்பதைவிட எந்த நேரத்தில் பார்ப்பது என்பதுதான் கணக்கு.

நகர வாயில் மேற்கே பார்த்தது. சாயங்காலம் நாலரைக்கு மேல் வெயில் அதன் முகத்தில் விழும். இப்போது நிற்கிற வாயில் 1792-இல் கட்டியது, வெள்ளையடித்த சுவர். அந்த நேரத்தில் மஞ்சளாகத் தெரியும். கோட்டையின் கடல் பக்கத்துக்கு வெளிச்சம் காலையில். ஆகவே சனிக்கிழமை மாலை வாயில் வழியாக நடந்து உள்ளே போங்கள், காரை வெளியிலேயே நிறுத்திவிட்டு. ஞாயிறு விடியலில் கோட்டைக்குக் கீழே கடலோரம். மே கடைசியில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் வரும், ஜனவரி கடைசியில் ஆறரை ஆகிவிடும். கோட்டைக்குள் அருங்காட்சியகம் பத்து மணிக்குத்தான் திறக்கும், அதைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றரைக்கு மேல் மாலை நாலு வரை அந்தத் தெருவில் நடக்க வேண்டாம். மரத்தடியிலோ அறையிலோ படுத்துத் தூங்குங்கள். அதற்குத்தானே லீவு போட்டு வருகிறீர்கள்?

வேளாங்கண்ணியும் நாகூரும் தெற்கே. பூம்புகார் வடக்கே. ஒரே பயணத்தில் இரண்டு பக்கமும் ஓடினால் பாதி நேரம் காரிலேயே போய்விடும். பூம்புகார் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஞாயிறு சென்னை திரும்பும் வழியில் சீர்காழிக்கு முன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். காவிரி கடலில் சேரும் இடம் அங்கே. மற்றதையெல்லாம் வேறொரு லீவுக்கு வையுங்கள்.

ரயிலில் வர முடியுமா? எங்கே இறங்க வேண்டும்? (ஈரோடு வாசகி)

மாயவரத்தில், அதாவது டிக்கெட்டில் மயிலாடுதுறை என்று போட்டிருக்கும் ஸ்டேஷனில் இறங்குங்கள். உங்கள் ஊர் வழியாகவே கோவை – மயிலாடுதுறை ஜன் சதாப்தி வருகிறது. காலையில் ஏறினால் மதியம் இறங்கலாம். அதே வண்டி மதியத்துக்கு மேல் திரும்பும். கிளம்புவதற்கு முன் நேரத்தையும் ஓடாத கிழமையையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

ஒரு காலத்தில் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் இருந்தது. மீட்டர் கேஜ். 1926-இல் வந்தது, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் பகுதியில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்து, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுங்கள். முப்பது கிலோமீட்டர் சுமார். பொறையார் போகிற வண்டியும் காரைக்கால் போகிற வண்டியும் உங்களுக்கு ஆகும். தரங்கம்பாடி என்று கேட்டு டிக்கெட் வாங்குங்கள். மெயின் ரோட்டில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நகர வாயில் நடக்கிற தூரம்தான்.

சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போகிற வண்டிகள் எல்லாம் தரங்கம்பாடியைத் தொட்டுத்தான் போகும். ஆனால் வருகிற நேரம் விடிவதற்கு முன்னால். ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள், சிதம்பரம் தாண்டியதும் இன்னொரு தடவை சொல்லுங்கள். நாங்களும் மனிதர்கள்தான், நாற்பது பேரின் ஊரும் நினைவில் நிற்காது. தூங்கிவிட்டு நாகப்பட்டினத்தில் கண் விழித்து, "எழுப்பவே இல்லையே" என்று சண்டைக்கு வருகிறவர்களின் முகத்தை நான் மறக்கவில்லை.

எங்கே தங்குவது? (இதைப் பலர் கேட்டிருக்கிறார்கள்)

தரங்கம்பாடிக்குள் தங்குமிடம் குறைவு. கடற்கரையை ஒட்டிப் பழைய மாளிகை ஒன்று ஹோட்டலாகியிருக்கிறது, வாடகை கூடுதல். வசதி இருந்தால் அங்கேயே தங்குங்கள். விடியற்காலையில் செருப்புக்கூடப் போடாமல் கடலுக்கு வந்துவிடலாம், அதற்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் திருக்கடையூர், எட்டு கிலோமீட்டர் சுமார். அங்கே அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களை நம்பியே ஏகப்பட்ட விடுதிகள் உண்டு. முகூர்த்த நாளாக இருந்தால் ஒரு அறை கிடைக்காது, கிடைத்தாலும் விடிகாலை மூன்று மணிக்கு நாதஸ்வரம் எழுப்பிவிடும். காலண்டரைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

மூன்றாவது வழி காரைக்கால். லாட்ஜுகள் நிறைய, எல்லா விலையிலும். ஆனால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். வாரக் கடைசியில் எதற்குக் கூட்டம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தோடு வருகிறவர்கள் அறையை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். மற்றவர்களுக்கு: பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள், சோதனைச் சாவடியில் உங்களால் முழு பஸ்ஸும் நிற்கும்.

கோட்டையில் என்ன இருக்கிறது? பிள்ளைகள் "போர்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (திருச்சி வாசகி)

வெறுமனே கூட்டிப்போனால் சொல்வார்கள். கதை தெரிந்து போனால் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பஸ்ஸில் வரும்போது பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக்கொண்டே வரலாம்.

டென்மார்க் நாட்டிலிருந்து 1618-இல் ஓவே கியெதே என்ற தளபதி கப்பல்களோடு புறப்பட்டார். வயது இருபத்துநாலுகூட ஆகவில்லை. அவர் நினைத்து வந்தது இலங்கை. கண்டி அரசனோடு வியாபாரம் பேசலாம் என்று வந்தார், அது கூடிவரவில்லை. அப்புறம் இந்தப் பக்கம் திரும்பி, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் போட்டார். மிளகு வாங்க வேண்டும், ஒரு கோட்டை கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. ஒரு மீனவக் கிராமத்தைக் கேட்டு ஐரோப்பாவிலிருந்து ஆள் வந்தால், தங்கத்தில் எழுதிக் கொடுக்கிறார் பாருங்கள்.

அப்படிக் கட்டியதுதான் டான்ஸ்பார்க் கோட்டை. உள்ளே போனதும் பிள்ளைகளைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போங்கள். வெடிமருந்து, சரக்கு, சாராயப் பீப்பாய் எல்லாம் வைத்த அறைகள் அங்கே. ஆளுநரும் பாதிரியாரும் இருந்தது மேலே. மேல் கூடத்தில் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கூரை தட்டையாக இருக்காது. ஒட்டகத் திமில் மாதிரி வளைவு வளைவாக எழும்பி, மொத்தப் பாரமும் நடுவில் உள்ள தூணில் வந்து இறங்கும். அந்தத் தூணில் கை வைத்துப் பாருங்கள், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் குளிர்ச்சியாக இருக்கும். கடல் பக்கத்துச் சுவரில் சில இடங்களில் சுண்ணாம்பு உரிந்து உள்ளே செங்கல் தெரியும், விரலால் தடவினால் பொடி உதிரும், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உப்புக்காற்று நானூறு வருஷமாக அதைத் தின்றுகொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு மியூசியத்துப் பீங்கான் தட்டுகளைவிட இதுதான் பிடிக்கும். சுவரைச் சுரண்ட மட்டும் விடாதீர்கள்.

இனி இரண்டாவது கதை. 1706 ஜூலையில் சீகன்பால்க், புளூட்சோ என்று இரண்டு ஜெர்மன் பாதிரிமார்கள் டென்மார்க் அரசர் அனுப்பி இங்கே வந்து இறங்கினார்கள். அரசர் அனுப்பியதே தவிர, கோட்டையில் இருந்த ஆளுநருக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. சீகன்பால்க் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் அ, ஆ எழுதிப் பழகியவர். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். 1708-இல் ஆளுநரோடு தகராறு முற்றி, அவரை இந்தக் கோட்டையிலேயே நாலு மாதம் அடைத்துவைத்தார்கள். இதைச் சொல்லிவிட்டு, "எந்த அறையாக இருக்கும்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அரை மணி நேரம் உங்களுக்கு நிம்மதி.

வெளியே வந்தபின் அச்சுக்கூடத்துக் கதை. இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியிலிருந்து தமிழ் எழுத்து வார்த்து வந்தது. வந்த எழுத்து பெரிது பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றது. காகிதமோ கப்பலில் வர வேண்டும். எனவே இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? வெளிநாட்டிலிருந்து பாலாடைக்கட்டி சுற்றி வந்த ஈயத்தகட்டை உருக்கினார்கள். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அது வந்ததில்லை. காகிதமும் நாமே செய்வோம் என்று எங்கள் பொறையாரில் ஒரு பட்டறை போட்டுப் பார்த்தார்கள், அது ஓடவில்லை. இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஸ்டேஜ் பெயராக நானே அதைக் கூவியிருக்கிறேன், காரணம் தெரிந்தது பின்னால்தான்.

ராஜா தெருவில் உள்ள புதிய எருசலேம் ஆலயம் சீகன்பால்க் கட்டியது, 1718. முகப்பில் அண்ணாந்து பார்த்தால் மகுடமும் அதற்குக் கீழே டென்மார்க் அரசர் நாலாம் பிரெடரிக்கின் முத்திரையும் தெரியும். ஆலயம் முடிந்த மறுவருஷமே சீகன்பால்க் இறந்துபோனார், முப்பத்தாறு வயதில். கல்லறை அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. எதிர்ப்பக்கத்துச் சீயோன் ஆலயம் இன்னும் பழையது, 1701. ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்போது கேமராவோடு உள்ளே போகாதீர்கள், முடியும் வரை திண்ணையில் காத்திருங்கள். முடிந்ததும் யாராவது தாமாகவே அழைத்துக் காட்டுவார்கள்.

கடைசியில் 1845-இல் டென்மார்க்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயரிடம் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்குக் கணக்குப் போடப் பிடிக்குமானால், இன்றைக்குப் பொறையாரில் அந்தப் பணத்துக்கு எத்தனை சென்ட் நிலம் வரும் என்று கேளுங்கள்.

கடலில் குளிக்கலாமா? (கோவை வாசகர், இன்னும் பலர்)

கூடாது.

இதற்கு மேல் விளக்கம் வேண்டும் என்றால்: இந்தக் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. மாசிலாமணிநாதர் கோயிலைப் பாருங்கள், தெரியும். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுப்பியது. கட்டும்போது கடல் எவ்வளவோ தள்ளி இருந்திருக்கும். பிறகு முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் கரையில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல் கொட்டிய கரையில் குளிப்பது தலையைக் கொண்டுபோய் மோதுவதற்குச் சமம். பாசி பிடித்த கல் வழுக்கும், இரண்டு கல்லுக்கு நடுவே கால் மாட்டினால் அடுத்த அலை வந்துவிடும்.

கல் இல்லாத இடத்திலும் கரை சட்டென்று இறங்குகிறது. முழங்கால் தண்ணீர் என்று நினைத்து ஒரு அடி வைத்தால் இடுப்பு. அலை கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் ஏதோ ஒரு இடைவெளி வழியாகக் கடலுக்குள் திரும்பிப் போக வேண்டும். அந்த இடத்தில் இழுப்பு இருக்கும். பார்த்தால் அங்கே அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். வெளியூர்க்காரர்கள் அந்த அமைதியான இடமாகப் பார்த்துத்தான் இறங்குவார்கள். தப்பித்தவறி மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வாருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கால் நனைப்பதுகூட வேண்டாம். மீனவர்களே கடலுக்குப் போகாத நாளில் நமக்கு அங்கே என்ன வேலை?

பிள்ளைகள் அடம்பிடித்தால் மணலில் நண்டு துரத்தச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் தானாகக் களைத்துவிடுவார்கள்.

தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம், ஆஸ்துமாவுக்கு நல்லது என்கிறார்கள். மாமியாரை அழைத்து வரலாமா? (சேலம் வாசகி)

தாராளமாக அழைத்து வாருங்கள், ஓசோனுக்காக வேண்டாம். இந்த ஓசோன் பேச்சை எங்கள் பஸ்ஸிலேயே ஆயிரம் பேர் பேசக் கேட்டிருக்கிறேன், போர்டு வைத்தும் பார்த்திருக்கிறேன். கடற்காற்றில் ஓசோன் இருக்கிறது, அது உடம்புக்கு நல்லது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய நம்பிக்கை. கடலோரத்தில் மூக்கில் ஏறும் அந்த வாசனை ஓசோன் இல்லை. கடலில் இருக்கும் நுண்பாசிகளிலிருந்து வருகிற கந்தகம் கலந்த ஒரு வாயுவின் வாசனை அது. வானத்தில் உயரே இருந்தால்தான் ஓசோன் நமக்குக் குடை. மூச்சு விடுகிற உயரத்தில் இருந்தால் நுரையீரலை எரிக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. நல்லவேளை, அந்தப் போர்டில் சொன்ன அளவுக்கு அது அங்கே இல்லை.

வாகனப் புகை இல்லாத காற்று, அது போதாதா? இன்ஹேலரை மறக்காமல் பையில் போடுங்கள். மாலையில் கோட்டைக்கு முன்னால் உட்காரலாம், மாமியாருக்கு மணலில் நடக்க வேண்டிய சிரமம் இருக்காது.

மீன் சாப்பிடவே வருகிறோம். எங்கே, எப்போது, என்ன? (மதுரை வாசகர்)

கடிதத்தில் இருக்கிற ஒரே உருப்படியான கேள்வி இதுதான்.

முதலில் எப்போது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அந்த நாட்களில் சின்ன ஃபைபர் படகுகள்தான் போகும், மீன் வரத்து குறைவு, விலை ஏறும், ஹோட்டலில் ஐஸ் மீன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஜூலைக்கு மேல் வாருங்கள், அல்லது ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள்.

என்ன என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்ததும் வஞ்சிரம் கேட்பார்கள். வஞ்சிரம் உங்கள் மதுரையிலும் கிடைக்கும். இங்கே வந்தால் கிழங்கான் கேளுங்கள். விரலை விடக் கொஞ்சம் நீளம், வெள்ளி நிறம், சதை பஞ்சு. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி, தோசைக்கல்லில் கொஞ்சமாக எண்ணெய் விட்டுப் பொரித்தால் போதும். நடுமுள்ளைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும், பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். குழம்புக்குச் சங்கரா. மாங்காய்க் காலமாக இருந்தால் புளியைக் குறைத்து மாங்காய் போடச் சொல்லுங்கள்.

காலையில் படகுகள் வந்து ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய் வேடிக்கை பாருங்கள். ஏலம் கூறுபவரின் வேகத்துக்கு எங்கள் பஸ் ஸ்டாண்டு ஆட்கள் தோற்றுவிடுவார்கள். குறுக்கே நிற்காதீர்கள், கூடையோடு ஓடி வருகிற பெண்களுக்கு வழி விடுங்கள், அவர்கள் வாய் பொல்லாதது. வாங்குவதாக இருந்தால் செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் இன்றைய மீன், பழுப்பாகிவிட்டால் நேற்றையது. கண் புடைத்துப் பளபளப்பாக இருக்க வேண்டும், உள்வாங்கிக் கலங்கியிருக்கக் கூடாது. வயிற்றில் விரலால் அழுத்தினால் பள்ளம் தானாக நிமிர வேண்டும். செவுளைத் தூக்க விடாத வியாபாரியிடம் பேரமே பேசாதீர்கள்.

வாங்கிய மீனை ஆக்கித் தரச் சின்ன மெஸ்காரர்கள் சிலர் சம்மதிப்பார்கள், முதலில் கூலி பேசிக்கொள்ளுங்கள். ஹோட்டலில் சாப்பிடுவதானால் மெனு கார்டைக் கேட்காமல், "அண்ணே, இன்றைக்கு என்ன வந்தது?" என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு சார்" என்று பதில் வந்தால் சாம்பார் சாதம் சொல்லிவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் திருக்கடையூர் போய்விடுவது உத்தமம்.

கடலில் நிலா எழுவதைப் பார்க்க ஆசை. பௌர்ணமிக்குத்தான் வர வேண்டுமா? (கும்பகோணம் வாசகி, வயது 68 என்று எழுதியிருக்கிறார்)

அம்மா, உங்களுக்கு நல்ல ரசனை. இது கிழக்குக் கரை, கடலில் சூரியன் மறைவதைக் காண முடியாது. ஆனால் பௌர்ணமியன்று சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்குகிற அதே நேரத்தில் நிலா எதிரே கடலிலிருந்து எழும்பும். அடிவானத்தில் புகைமூட்டம் இருந்தால் கொஞ்சம் தாமதமாக, செம்பருத்தி நிறத்தில் தெரியும். ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். பௌர்ணமிக்கு மறுநாள் வந்தால் இன்னும் நல்லது என்பேன். நன்றாக இருட்டிய பிறகு எழும்பும், தண்ணீரில் கோடு தெளிவாக விழும், கூட்டமும் போயிருக்கும். அதற்கும் அடுத்த நாள் என்றால் கடைசி பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான். நிலா பார்க்க வருகிறவர்கள் திரும்பிப் போக ஒரு ஆட்டோவை முன்கூட்டியே பேசி, டிரைவர் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். சொந்தக்காரர்களோடு அன்று மாலை தரங்கம்பாடி வரலாமா? (சென்னை வாசகர்)

அதைவிட நல்ல யோசனை கிடையாது. பூஜை, தாலி, கலசாபிஷேகம் எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். பந்தி முடிந்து, பெரியவர்கள் ஒரு தூக்கம் போட்டபின் மூன்றரைக்குக் கிளம்பினால் போதும். பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள், மணலும் உப்புக்காற்றும் பட்டுக்கு ஆகாது.

வழியில் கொஞ்சம் உள்ளே ஒதுங்கினால் தில்லையாடி. வள்ளியம்மையின் நினைவு மண்டபம் அங்கே இருக்கிறது. அவர் குடும்பத்துக்குப் பூர்வீகம் இந்த ஊர், பிறந்தது 1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை போனார், சிறையிலேயே காய்ச்சல் பிடித்து, வெளியே வந்த சில நாட்களில் இறந்தார். 1914 பிப்ரவரி, வயது பதினாறு. இந்தியா திரும்பிய காந்தி 1915-இலேயே தில்லையாடி வந்து போனார். வேனில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் இறக்கிக் காட்டுங்கள், கால் மணி நேரம்தான் ஆகும்.

சுனாமி பற்றி அங்குள்ள மீனவர்களிடம் பேசிப் பதிவு செய்ய ஆசை. எப்படி அணுகுவது? (கல்லூரி மாணவர், ஊர் குறிப்பிடவில்லை)

தம்பி, உங்கள் எண்ணம் நல்லதுதான். தமிழ்நாட்டில் 2004 டிசம்பர் 26 அன்று அதிக உயிர் போனது நாகப்பட்டினம் மாவட்டத்தில். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது, மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது 2020-இல். அந்தக் காலையைப் பற்றி அவர்களிடம் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

வாரக் கடைசியில் வந்து, மைக்கை நீட்டி, "எத்தனை பேரை இழந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். வலை பின்னுகிற இடத்தில் உட்காருங்கள், வலையைப் பற்றிக் கேளுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், திரும்ப வாருங்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் டீ குடித்த வரைக்கும் லாபம். டிசம்பர் 26 அன்று மட்டும் சுற்றுலாவாக வராதீர்கள், அன்று கரை முழுக்க மெழுகுவத்தியும் மாலையுமாக இருக்கும்.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்? (ஓசூர் வாசகி)

கருவாடு. நெத்திலி, சுறா, வாளை, எது பிடிக்குமோ அது. வாங்கும்போது கையில் எடுத்து ஒடித்துப் பாருங்கள், சுள்ளி மாதிரி முறிய வேண்டும். வளைந்தால் சரியாகக் காயவில்லை, வழியிலேயே பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் வாங்காதீர்கள். செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் கவர், அதன் மேல் மூடி இறுகிய டப்பா.

ஏசி பஸ்ஸில் டிக்கெட் போட்டிருந்தால் வாங்கவே வேண்டாம். சீர்காழி வருவதற்குள் கண்டக்டர் உங்கள் சீட்டைத் தேடி வந்துவிடுவார்.